எழுதிக் கொடுத்த தாள்

ரெய்க்யவிக்,
7 அக்டோபர் 1973

அன்புள்ள சல்வோர் அக்காவுக்கு,

சுகமும் ஆசியும் உன்னோடிருக்கட்டும். உன் மூட்டுவலி குளிருக்கு முன்பே தொடங்கிவிட்டதா? நான் நலம். ஐம்பத்திரண்டு வயதில் கிரேக்க வினைச்சொற்களை மனப்பாடம் செய்பவன் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலம்.

இது கடைசி ஆண்டு. வகுப்பில் எல்லோரும் என்னைத் தாத்தா என்கிறார்கள். வழிபாட்டை ராகமிட்டு வாசிக்கும் பயிற்சிதான் இன்னும் வசப்படவில்லை. போன வாரம் இசை ஆசிரியர் பாதியில் நிறுத்தினார். "ஸ்டெயின்தோர், நீங்க ஆண்டவரைக் கூப்பிடுறீங்களா, குதிரையைக் கூப்பிடுறீங்களா?" "இருபத்தேழு வருஷம் கூப்பிட்டதுல குதிரை வந்துச்சு சார். இவரும் வர்றாரான்னு பார்ப்போம்" என்றேன். பையன்கள் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

போதகர் பால்மி வசந்தத்தில் ஓய்வு பெறுகிறார் என்று கேள்விப்பட்டேன். நான் அவருடைய இடத்துக்கு, உங்கள் ஹோல்ட் சபைக்கு, விண்ணப்பிக்கப் போகிறேன். காரணம் உனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு முறை எழுத்தில் இருக்கட்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் பதினெட்டாம் தேதி காலை, உன் பண்ணைச் சாம்பல் குதிரையின் முன்னங்காலுக்குக் கட்டுப் போட்டேன். பத்து நாள் யாரும் அதன்மேல் ஏறக்கூடாது என்று உன் அடுக்களையில் நின்று சொன்னேன். அன்று மாலை லோவா அந்தக் குதிரையோடு ஸ்வார்த்தா ஆற்றில் மூழ்கிப் போனாள். உன் வீட்டில் வேலை செய்த, பத்தொன்பது வயதான, நாதியற்ற பெண். அடக்க ஆராதனையில் பால்மி, "எல்லோரும் தடுத்தும், தன் பிடிவாதத்தால் போனாள்" என்று வாசித்தார். செத்தவள் மேல் பழி போட்டு மண்ணைத் தள்ளினார்கள். யாரோ அனுப்பாமல் அவள் போயிருக்க மாட்டாள். உன் கணவர் சபைக் குழுத் தலைவர் என்பதால் அந்தப் பொய் அப்படி வாசிக்கப்பட்டது.

அந்த மாதமே கால்நடை மருத்துவப் பையை மூடிவிட்டு இங்கே வந்து பெயரைப் பதிந்தேன். அந்தப் பொய் சொல்லப்பட்ட பீடத்திலிருந்தே அது திருத்தப்பட வேண்டும். வேறெந்தச் சபையும் எனக்கு வேண்டாம்.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் தம்பி,
ஸ்டெயின்தோர்


கில் பண்ணை,
4 நவம்பர் 1973

அன்புத் தம்பி ஸ்டெயின்தோர்,

நலமாயிரு, ஆசியோடிரு. இங்கே எல்லோரும் சுகம். மூட்டுவலி வழக்கம்போல் என்னைவிடச் சீக்கிரம் எழுந்துகொள்கிறது. முதல் பனி விழுந்துவிட்டது. ஆடுகளைக் கொட்டிலில் சேர்த்தாயிற்று. அத்தானுக்கு முதுகுப்பிடிப்பு. நீ போனபின் வந்த கால்நடை மருத்துவர் சின்னப் பையன். பசுவைப் பார்த்தால் முதலில் அவன்தான் மிரளுகிறான்.

மேற்குக் கடற்கழிகளில் மூன்று சபைகள் போதகர் இல்லாமல் இருப்பதாக வானொலியில் சொன்னார்கள். அங்கே மீன் நல்லது. மக்களும் அதிகம் பேசமாட்டார்கள். உனக்குப் பொருந்தும். யோசித்துப் பார்.

குளிருக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புகிறேன். பால்மி ஐயாவுக்கு வயதாகிவிட்டது. அவரை விட்டுவிடு.

ஆண்டவர் துணை.

அக்கா,
சல்வோர்


ரெய்க்யவிக்,
20 நவம்பர் 1973

அன்புள்ள அக்கா,

சுகமா? காலுறைகள் வந்தன, நன்றி. இதை எழுதும்போது காலில் அவைதான் இருக்கின்றன. ஆகவே இந்தக் கடிதத்தில் சூடு இருந்தால் அதில் உன் பங்கும் உண்டு.

நான்கு பக்கம் எழுதினேன். நீ மீனைப் பற்றிப் பதில் போட்டிருக்கிறாய்.

நேற்றுப் பிரசங்க வகுப்பில் அடக்க உரைதான் பாடம். இறந்தவரைப் பற்றி வீட்டார் எழுதிக் கொடுக்கும் குறிப்பைப் போதகர் எப்படிக் கையாள வேண்டும் என்பது கேள்வி. "அது நீதிமன்றம் இல்லைப்பா, வீட்டார் துக்கத்துல எழுதுறாங்க. அயலானைப் பத்தி நல்லதையே பேசணும்னு, பொய்ச்சாட்சி சொல்லாதேங்கிற எட்டாம் கட்டளைக்கு விளக்கமே இருக்கு" என்றார் பேராசிரியர். நான் எழுந்து நின்றேன். "எந்த அயலானைப் பத்தி சார்? பெட்டிக்குள்ள இருக்கிறவளா, முதல் வரிசையில உட்கார்ந்திருக்கிறவரா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாத்தா, யார் மேலயாவது கோவமா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். "கோபம் இல்லை தம்பி. கோபம் ஆறிடும்" என்றேன்.

பால்மியை விட்டுவிடச் சொல்கிறாய். விடவில்லை. நேற்றே அவருக்கு எழுதினேன். மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் இல்லை. மன்னிக்கிற மாதிரியும் ஒரு சொல் இல்லை. அந்தத் தாளை எழுதிக் கொடுத்தது யார் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி,
ஸ்டெயின்தோர்


ரெய்க்யவிக்,
15 ஜனவரி 1974

அன்புள்ள அக்கா,

புத்தாண்டின் ஆசி உன் வீட்டில் தங்கட்டும். கிறிஸ்துமசுக்கும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பனிப்புயலில் தபால் நின்றதென்று வைத்துக்கொண்டேன். ஆனால் அதே பள்ளத்தாக்கிலிருந்து, அதே தபாலில், பால்மியின் பதில் வந்துவிட்டது. முழுவதையும் இங்கே படியெடுக்கிறேன், நீளமானதல்ல:

"ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்குக் கொடுக்கப்பட்டதை நான் வாசித்தேன். கொடுத்தவரை நீங்கள் கேட்கக்கூடாது, நான் சொல்லக்கூடாது. ஏன் என்பதை நீங்கள் குருப்பட்டம் பெற்ற மறுநாள் அறிவீர்கள். உங்கள் படிப்பு சிறக்க வேண்டுகிறேன்."

இதற்குப் பெயர் கோழைத்தனம் என்று அவருக்கு மறுபதில் எழுதினேன். போதகரின் வாய்ப்பூட்டு பாவிக்குக் காவலாக இருக்கலாம். பாவத்துக்கே காவலாக இருக்கக்கூடாது. எழுதிக் கொடுத்த கை உன் கணவரின் கை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

உன் உடல்நிலை பற்றி எழுது. ஆடுகளைப் பற்றி எழுதினாலும் சரி. ஏதாவது எழுது.

தம்பி,
ஸ்டெயின்தோர்


கில் பண்ணை,
3 பிப்ரவரி 1974

அன்புத் தம்பி,

நலமும் ஆசியும். தாமதத்துக்குப் புயலைக் குற்றம் சொல்லலாம். ஆனால் அது எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. எல்லோரும் நலம். ஒரு கிடேரி செத்துப் பிறந்தது.

அத்தானின் கை என்று எழுதியிருக்கிறாய். அவருக்கு ஆடு எண்ணத் தெரியும், வேலி போடத் தெரியும், கூட்டத்தில் மேசையைத் தட்டத் தெரியும். இரண்டு வரி சேர்த்து எழுத வராது. சபைக் குழுவின் கடிதங்களைக்கூட இந்த முப்பது வருடமாக நான்தான் எழுதுகிறேன். உனக்கு இது தெரியாததல்ல.

கழுத்துக்குக் குளிர் படாமல் பார்த்துக்கொள். ராகம் வரட்டும்.

அக்கா,
சல்வோர்


ரெய்க்யவிக்,
26 மே 1974

அன்புள்ள அக்கா,

சுகமும் ஆசியும் உண்டாகட்டும். தேர்ச்சி பெற்றுவிட்டேன். ராகத்தில் மட்டும் மயிரிழையில் பிழைத்தேன். "கடவுள் பொறுமைசாலி" என்று இசை ஆசிரியர் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

ஆனால் படித்து முடித்ததால் மட்டும் ஒருவன் போதகராகிவிட மாட்டான். ஒரு சபை வாக்களித்து அழைத்தால்தான் பேராயர் தலையில் கைவைப்பார். ஹோல்ட் சபைக்கு இரண்டே விண்ணப்பங்கள். ஒன்று என்னுடையது. மற்றது சிக்மார் என்கிற இருபத்தாறு வயதுப் பையனுடையது. நல்லவன், இனிமையாகப் பாடுவான், யார் எதைச் சொன்னாலும் "ரொம்ப சரி" என்பான்.

ஜூனில் வருகிறேன். விண்ணப்பித்தவர்களின் வழக்கப்படி இருபத்து மூன்று பண்ணைகளிலும் ஏறி இறங்குவேன்; வைத்த காபியைக் குடிப்பேன்; பள்ளிக்கூடக் கட்டிடத்தில் தங்கிக்கொள்வேன். ஜூன் முப்பது, ஞாயிறு, என் தேர்வுப் பிரசங்கம். என்ன பேசப்போகிறேன் என்பதை மறைக்க மாட்டேன்: லோவாவைப் பற்றிப் பேசுவேன். அதைக் கேட்டபின் வாக்களிக்கட்டும். வாக்கை வாங்கிக்கொண்டு பிறகு பேசுவது ஏமாற்று.

உன் வீட்டுக்கும் வருவேன். காபி மட்டும் குடிக்க மாட்டேன்.

தம்பி,
ஸ்டெயின்தோர்


கில் பண்ணை,
23 ஜூன் 1974

அன்புத் தம்பி,

நலமாயிரு. இந்த முறை ஆடுகளைப் பற்றி எழுதப்போவதில்லை.

வியாழக்கிழமை வந்தாய். என் மேசையில் உட்கார்ந்தாய். சுருட்டிய அப்பமும் பொரித்த கிளெய்னாப் பலகாரமும் வைத்தேன். காபி ஊற்றினேன். கோப்பையை ஒரு விரலால் நகர்த்திவிட்டாய். அத்தான் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்தபடி, "மச்சான், இந்தப் பள்ளத்தாக்குல காபி வேணாம்னா ஓட்டு வேணாம்னு அர்த்தம்" என்றார். நீ, "உங்க ஓட்டு வேணாம் கிரீமுர். உங்க உண்மை போதும்" என்றாய். "என்ன உண்மை? அன்னைக்கு நான் விடியறதுக்கு முன்னாடியே ஆட்டுப்பட்டிக்குப் போயிட்டேன். ஊரே பார்த்துச்சு" என்றார். "போறதுக்கு முன்னாடி உத்தரவு போட்டிருப்பீங்க" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நான் உன் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். குடிக்காத கோப்பையை எதற்குக் கழுவ வேண்டும்?

நீ போனபின் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நான்தான்னே இருக்கட்டுமா சல்வோர்? என் முதுகு தாங்கும்." அவருக்கு எல்லாம் தெரியும். ஐந்தாவது ஆண்டாகத் தாங்குகிறார். நீ வெறுப்பதற்கு வசதியான மனிதர் அவர். அதனால்தான் நீ வேறெங்கும் பார்க்கவில்லை.

அனுப்பியவள் நான். அன்று நீ கிளம்பிப் போனபின் ஆறு ஏறத் தொடங்கியது. அக்கரையில் பன்னிரண்டு ஆட்டுக்குட்டிகள் நின்றன. மற்றக் குதிரைகள் எல்லாம் ஆடு பிரிக்கப் போனவர்களோடு ஆட்டுப்பட்டியில். சாம்பல் குதிரையில் போய் அவற்றை ஓட்டி வா என்றேன். "சல்வோரம்மா, அதுக்குக் கால் சரியில்லைன்னு டாக்டர் சொன்னாரே." போடி என்றேன். "தண்ணி ஏறுதும்மா, நான் போகலை." என் தம்பி எல்லாத்துக்கும் பயப்படுவான், நீ போ என்றேன். "போகமாட்டேன்" என்றாள் மூன்றாவது தடவை. அப்படியானால் சாயங்காலமே மூட்டையைக் கட்டு என்றேன். அவளுக்குப் போக இடம் இல்லை என்று தெரிந்துதான் சொன்னேன். போனாள்.

மறுநாள் காலை பால்மி ஐயா குறிப்புக் கேட்டு வந்தார். அவளுக்கென்று எழுத வேறு யாரும் இல்லை. எழுதிக் கொடுத்தேன். "பிடிவாதம்" என்ற சொல் என்னுடையது. அடக்கம் முடிந்த அடுத்த வாரம் போய் அவரிடம் எல்லாவற்றையும் பாவ அறிக்கையாகச் சொன்னேன். "நீங்களே சபையில சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். நான் மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து அவர் வாய் பூட்டப்பட்டது. நீ அவரைக் கோழை என்று எழுதியபோது அவர் அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டக்கூட இல்லை. நீயே எனக்கு எழுதித்தான் தெரிந்தது.

இதை ஏன் இன்று எழுதுகிறேன் தெரியுமா? நீ குருப்பட்டம் பெற்றபின் சொன்னால் உன் வாயையும் நான் பூட்டிவிடுவேன். இன்று நீ வெறும் தம்பி. உன்னை எந்தச் சட்டமும் கட்டாது. பேசு.

அக்கா,
சல்வோர்


ஹோல்ட் பள்ளிக்கூடம்,
27 ஜூன் 1974

மதிப்பிற்குரிய சல்வோர் அவர்களுக்கு,

நலம் விழைகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று நாள் எதுவும் எழுத இயலவில்லை. ஐந்து ஆண்டுகள் ஒரு தவறான முகத்தை வெறுத்திருக்கிறேன். அதற்காகக் கிரேக்கமும் படித்திருக்கிறேன். கிரீமுர் அவர்களிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். வேலிக்கம்பியை முறுக்கிக்கொண்டே, "காபி குடிச்சிருந்தா இந்த நடை மிச்சம் மச்சான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பேசுவேன். நான் சொல்லப்போவதில் ஒரு சொல்லும் தங்களுக்காகக் குறைக்கப்படாது. கூட்டப்படவும் மாட்டாது. தங்கள் பெயரைச் சொல்வதா என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை.

ஸ்டெயின்தோர் இல்லுகாசன்


கில் பண்ணை,
28 ஜூன் 1974

அன்புத் தம்பி,

நலமாயிரு. மரியாதை கொடுத்து அடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாய், கல்லூரி வீண்போகவில்லை. நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். என் இடம் அதுதான். அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

அக்கா


ரெய்க்யவிக்,
24 ஜூலை 1974

அன்புள்ள அக்கா,

சுகமும் ஆசியும் உன்னோடிருக்கட்டும். உன் மூட்டு எப்படி? அத்தான் முதுகு எப்படி?

வாக்குப்பெட்டி முத்திரையோடு வந்து, நேற்றுப் பேராயர் அலுவலகத்தில் எண்ணப்பட்டது. சிக்மாருக்கு ஐம்பத்தெட்டு. எனக்கு முப்பத்தாறு. மூன்று வெற்றுத் தாள்கள். தேர்தல் செல்லும். அவன் ஆகஸ்டில் குருப்பட்டம் பெறுகிறான். நான் கறுப்பு அங்கி இல்லாமல், மேலங்கியை மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்தேன். வாசலில் சிக்மார் நின்றிருந்தான். "உங்க பிரசங்கம் மாதிரி என்னால பேச முடியாது ஐயா" என்றான். "பேச வேண்டாம். எழுதிக் கொடுக்கிறதை வாசிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளு, போதும்" என்றேன். "ரொம்ப சரி" என்றான்.

பீடத்திலிருந்து நான் கண்டதை நீ கண்டிருக்க முடியாது. நீ எனக்கு முகம் காட்டி இருந்தாய், அவர்களுக்கு முதுகு காட்டி இருந்தாய். லோவா பிடிவாதக்காரி அல்ல, மூன்று முறை மறுத்தாள், நொண்டும் குதிரையில் அனுப்பப்பட்டாள் என்று நான் சொன்னபோது, அந்தச் சபையில் ஒருவர்கூட வியக்கவில்லை. எல்லோரும் தங்கள் பாட்டுப்புத்தகத்தைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஏதோ ஓர் அளவு தெரிந்திருக்கிறது. "அவளை அனுப்பிய வீடு என் அக்காவின் வீடு" என்று சொல்லி நிறுத்தினேன். பெயரைச் சொல்ல என் நாக்கு எழவில்லை. அதைக் கருணை என்று எண்ணாதே. அது நான் ஐந்தாண்டுகளாகப் பால்மியிடம் கண்டு இகழ்ந்த அதே கோழைத்தனம்.

அப்போது நீ எழுந்து, என் பக்கம் அல்ல, அவர்கள் பக்கம் திரும்பி நின்றாய். "வீடு யாரையும் ஆத்துக்கு அனுப்பாது. நான்தான் அனுப்புனேன். அந்தத் தாளையும் நான்தான் எழுதுனேன்." பாட்டுப்புத்தகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன. கடைசி வரிசையில் பால்மி எழுந்து, நடைபாதை நெடுக மெல்ல நடந்து வந்து, உன் பக்கத்தில் நின்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர் ஐந்தாண்டுகளாக எழுந்து நிற்கத் தயாராக உட்கார்ந்திருந்தார் என்று.

வாசலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல ஐயா. உங்க திட்டெல்லாம் ரொம்பத் திருத்தமான நடையில இருந்துச்சு" என்றார்.

அவர்கள் என்னைத் தோற்கடித்தது நான் பொய் சொன்னதால் அல்ல. அதனால் இந்தத் தோல்வியை நான் ஒரு சான்றிதழைப் போலச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். வடகிழக்கு முனையில் ஒரு சபை காலியாக இருக்கிறது. ஒன்பது பண்ணைகள், வருடத்தில் ஐந்து மாதம் பாதை கிடையாது. விண்ணப்பித்துவிட்டேன். அங்கேயும் தோற்றால் அடுத்தது. எவ்வளவு காபி வேண்டுமானாலும் குடிப்பேன்.

தம்பி,
ஸ்டெயின்தோர்


கில் பண்ணை,
18 ஆகஸ்ட் 1974

அன்புத் தம்பி ஸ்டெயின்தோர்,

நலமாயிரு, ஆசியோடிரு. மூட்டு வலிக்கிறது. அத்தான் முதுகு தேவலை. சுமை இறங்கினால் முதுகு நிமிரும்போலிருக்கிறது. சபைக் குழுத் தலைவர் பதவியை அவரே விட்டுவிட்டார். குழுவின் கடிதங்களை எழுத இனி மனைவிக்கு நேரமில்லை என்று கூட்டத்தில் காரணம் சொன்னாராம்.

தெற்குப் பண்ணைக்காரிகள் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. கூட்டுறவுக் கடையில் ஒருத்தி என்னைப் பார்த்ததும் மாவு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்று, நிதானமாக மாவு வாங்கினேன். மாவட்ட நீதியதிகாரிக்கும் நானே எழுதிவிட்டேன். அவர் ஆள் அனுப்பி விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார், வரட்டும். லோவாவின் கல்லறைக்குக் கல் வைத்தாயிற்று. பெயரும் தேதியும் மட்டும். வேறெந்தச் சொல்லையும் அவள் மேல் வைக்க எனக்கு உரிமையில்லை.

இத்துடன் இரண்டு பொருள் வருகின்றன. ஒன்று, பால்மி ஐயாவின் வெள்ளை மடிப்புக் கழுத்துப்பட்டை. நான்தான் கஞ்சி போட்டேன். உனக்குக் குருப்பட்டம் கிடைக்கும் நாளில் போட்டுக்கொள்ளச் சொன்னார். "கிடைக்காட்டி?" என்று கேட்டேன். "அவரா? கிடைக்கிற வரைக்கும் பேராயரைத் தூங்க விடமாட்டார்" என்றார்.

மற்றது ஒரு தாள். என் அடக்க ஆராதனைக்கான வாழ்க்கைக் குறிப்பு. என் கையால் எழுதியிருக்கிறேன். வேறு யாரும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. அதை வாசிக்க வேண்டிய போதகர் நீ. எனக்கு வயது அறுபத்திரண்டு, இதயம் சொன்னபடி கேட்பதில்லை. ஆகவே சீக்கிரம் ஏதாவது ஒரு சபையில் ஜெயித்துத் தொலை. அதுவரை நான் சாகப்போவதில்லை.

பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் பின்பக்கத்தில் இருக்கின்றன. முதல் வரி இது: "1969 செப்டம்பர் 18 அன்று, போகமாட்டேன் என்று மூன்று முறை சொன்ன லோவாவை ஆற்றுக்கு அனுப்பியவள் இங்கே கிடக்கிறாள், பிடிவாதக்காரி இவள்தான்."

ஒரு சொல்லையும் மாற்றாதே. மாற்றினால் பெட்டிக்குள்ளிருந்தே எழுந்து நிற்பேன். நான் எழுந்து நிற்பதை நீ ஏற்கெனவே பார்த்திருக்கிறாய்.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் அக்கா,
சல்வோர் இல்லுகாதோத்திர்